"அது லிஸ்ட்ல இல்லையே மாமா"

அக்டோபர் 30 உலக சிக்கன நாள். 1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் சேமிப்பு வங்கிக்காரர்கள் கூடிப் பேசி உண்டாக்கிய நாள். மற்ற நாடுகளுக்கு 31, நமக்கு 30. பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி நடக்கும். 'சிறுதுளி பெருவெள்ளம்' நூறு முறையாவது உருளும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு குறுக்கே வந்துவிட்டது.

கதவில் ஒரு விலைப்பட்டியல். துணி மடித்தால் 10 ரூபாய், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் 5, சாப்பிட்ட தட்டைக் கழுவினால் 5, தங்கச்சியோடு ஒருநாள் முழுக்கச் சண்டை போடாமலிருந்தால் 20. இந்தக் கடைசி இனத்தில் மட்டும் இதுவரை பட்டுவாடா இல்லையாம். தாத்தாவின் மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். தங்கை மகன், ஆறாம் வகுப்புப் பயல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது லிஸ்ட்ல இல்லையே மாமா" என்றான்.

அவன்மீது கோபமில்லை, ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறான். எரிச்சல் பட்டியல்மீதுதான். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடிப்போனது. 'அதான் காசு கட்டுகிறோமே' என்று கூச்சம் விட்டுப்போயிற்று. அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை. க்னீஸி, ருஸ்டிச்சினி என்ற இருவர் 2000-இல் இதை எழுதினார்கள். துணிக்கு விலை வைத்தாலும் இதே கதைதான்: 10 ரூபாய் வேண்டாமென்றால் துணியும் மடிக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலுக்கெல்லாம் முன்பு நம் வீடுகளில் வேறோர் ஏற்பாடு இருந்தது. கடைக்குப் போய்வருவது. மஞ்சள் பை, துண்டுச்சீட்டு, கைக்குள் வியர்வையில் நனைந்த நோட்டு. அரைக் கிலோ துவரம் பருப்பு, 100 கிராம் கடுகு, ஒரு கட்டு கருவேப்பிலை. கருவேப்பிலையை அண்ணாச்சி கொசுறாகத் தரவில்லையென்றால் வீட்டில் விசாரணை. மீதிச் சில்லறையை அம்மா எண்ணுவாள். மனசு நன்றாக இருந்தால், "வச்சுக்கோ" என்பாள். இல்லாவிட்டால் டப்பாவுக்குள் போய்விடும். இன்ன வேலைக்கு இன்ன காசு என்ற பேச்சே கிடையாது. போகமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் கிடையாது. கமர்கட்டுக்கான காசு கூலியாக வரவில்லை, அம்மாவின் தயவில் வந்தது. கணக்கும் தானாக வந்தது: சில்லறை இல்லையென்று அண்ணாச்சி நாலு மிட்டாய் தந்தால், அது எத்தனை பைசாவுக்குச் சமம் என்று வீட்டில் நிரூபிக்க வேண்டும். 25 பைசா 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது. ஆனாலும் மிச்சக் காசு பிழைத்திருந்தது.

அதைக் கொன்றது க்யூஆர் அட்டை. 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்' என்று பழைய வாசகர்கள் முனகுவது கேட்கிறது. முன்பு பேருந்து நடத்துநரின் சில்லறைப் பையைப் பற்றி எழுதியபோது விழுந்த வசவும் நினைவிருக்கிறது. இருக்கட்டும். 47 ரூபாய் என்றால் இப்போது 47 ரூபாய்தான் போகிறது. அம்மா வீட்டிலிருந்தபடியே ஜிபேயில் அனுப்புகிறாள், பிள்ளை பையை மட்டும் தூக்கி வருகிறது. அதுகூடப் பழைய கதை; சாமானே பைக்கில் வந்து இறங்கிவிடுகிறது. பிள்ளையிடம் நம்பிக் கொடுக்க வீட்டில் ஒரு நோட்டுகூட இல்லை. பிறகு பட்டியல் ஒட்டாமல் என்ன செய்வார்கள்?

கைச்செலவுக்கு வாரம் ஒரு தொகையைச் சும்மா கொடு, வேலையை அதோடு முடிச்சுப் போடாதே என்று தங்கையிடம் சொன்னேன். "நீ ஒரு வாரம் இவனை வச்சிருந்து பாரு அண்ணா" என்றாள். பேச்சை மாற்றி, பயலிடம் 200 ரூபாயைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரரிடம் சில்லறை இல்லை. 13 ரூபாய் பாக்கி. பயல் தினமும் போய்க் கேட்கிறானாம். 'ஜிபேயில் போட்டுவிடட்டுமா?' என்று கடைக்காரர் தங்கைக்கே போன் செய்திருக்கிறார். கூடவே கூடாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.