லைசென்ஸில் 5,000... கையில் 50! 'பாயின்ட் டூ டூ' தோட்டா தட்டுப்பாட்டில் அடிவாங்குவது யார்?

காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஏனாத்தூரில் பஸ் ஏறினால் கூட்டத்தில் பாதி மாணவர்களாகத்தான் இருக்கும். சங்கரா பல்கலைக்கழகம், மீனாட்சி மருத்துவக் கல்லூரி என ஊரைச் சுற்றிலும் கல்லூரி வளாகங்கள். அந்தக் கூட்டத்தில் என்.சி.சி.யில் இருந்த யாரையாவது பிடித்து, 'துப்பாக்கி சுட்டிருக்கியா தம்பி?' என்று கேட்டுப் பாருங்கள். 'பாயின்ட் டூ டூ சுட்டிருக்கேன்ணா' என்று நெஞ்சை நிமிர்த்துவார். எத்தனை ரவுண்டு என்று கேட்டால்தான் குரல் கொஞ்சம் இறங்கும். விரல்விட்டு எண்ணிவிடலாம். சுட்டு முடித்ததும் காலி கேஸ்களைப் பொறுக்கி, எண்ணிக்கை சரியா என்று பார்த்து ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் அனுபவம்.

அந்த நாலைந்து ரவுண்டிலேயே சிலருக்கு ஆசை பிடித்துக்கொள்ளும். விசாரித்தால், சென்னை எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில் ரைஃபிள் கிளப் இருப்பது தெரியவரும். (2021-ல் நடிகர் அஜித் வழி மாறி வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குப் போய் நின்றாரே, அன்று அவர் தேடி வந்தது இந்த கிளப்பைத்தான்.) ஏனாத்தூரிலிருந்து எழும்பூர் 70 கி.மீ.க்கு மேல். தூரத்தைச் சமாளித்துவிடலாம். உறுப்பினர் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிடலாம். அதற்குப் பிறகு வருவதுதான் யாரும் முன்கூட்டியே சொல்லாத பிரச்சினை. தோட்டா!

சின்ன தோட்டா, பெரிய தலைவலி

.22 எல்.ஆர். என்பது 5.6 மி.மீ. விட்டமுள்ள குட்டித் தோட்டா. குண்டின் எடை சுமார் 2.6 கிராம். 1887-ல் அமெரிக்காவில் வந்த இந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள், 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் எல்லாம் இதில்தான். 2012 லண்டனில் விஜய் குமார் வாங்கிய வெள்ளி, 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வாங்கிய வெண்கலம், இரண்டுமே இந்தக் குட்டித் தோட்டா கொண்டுவந்தவை.

இதை 'ரிம்ஃபயர்' என்கிறார்கள். பெரிய தோட்டாக்களில் தீப்பொறி கிளப்பும் மருந்து, அடிப்பகுதியின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். சுட்ட பிறகு அந்தக் குப்பியை மட்டும் மாற்றி, மருந்தும் குண்டும் புதிதாக நிரப்பி மறுபடி பயன்படுத்தலாம். வெளிநாடுகளில் இதைச் செய்பவர்கள் ஏராளம். ரிம்ஃபயரில் அந்த மருந்து, கேஸின் அடிவிளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். ஒருமுறை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். ஆக, பாயின்ட் டூ டூ-வைப் பொறுத்தவரை 'சுட்டாச்சுன்னா போச்சு'. தட்டுப்பாடு வந்தால் மறுசுழற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

'தோட்டான்னா தோட்டாதானே, கிடைக்கிறதை வாங்கிச் சுட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். ஒரு சின்ன கணக்கு. 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஏறக்குறைய ஒரு சட்டைப் பட்டன் அளவு. தோட்டா நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் இடையில் வேகம் வெறும் 10 மீட்டர் குறைந்தால்கூட, இலக்கில் குண்டு தோராயமாக 7 மி.மீ. கீழே போய் விழும். ஷூட்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மூச்சு சரி, பிடி சரி, டிரிகர் சரி. ஆனாலும் பத்து ஒன்பதாகிவிடக்கூடும்.

அதனால்தான் பெரிய வீரர்கள் பிரிட்டனின் எலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., பின்லாந்தின் லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக்கூடத்துக்கே தங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரே பிராண்டிலேயே எந்த 'லாட்' தங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். நம்ம ஊர்க் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் வந்து, ஒவ்வொரு சேலையாகத் தொட்டுத் தடவிப் பார்த்து எடுப்பது மாதிரிதான்.

வகுத்துப் பார்த்தால் தெரியும்

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளில் ஒரு மாற்றம் செய்தது. விளையாட்டு வீரர்கள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் .22 தோட்டாவின் அளவு 1,000-லிருந்து 5,000 ஆக உயர்ந்தது. ஷாட்கன் தோட்டா 500-லிருந்து 5,000. நல்ல முடிவுதான், அதில் சந்தேகமில்லை. 1,000 தோட்டாவை 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 19. அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. 5,000 என்றால் வாரத்துக்கு 96. இதுவும் ஆஹா ஓஹோ என்று சொல்லும் அளவு இல்லை. ஒரு ஒலிம்பிக் தகுதிச்சுற்றிலேயே 60 ஷாட். அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடும் ஷாட்டுகள் தனி. 50 தோட்டா கொண்ட பெட்டியில் இரண்டு காலியாகும். அதாவது, லைசென்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவே வாரத்துக்கு ஒரு முழுப் போட்டி அளவுக்குத்தான் வருகிறது.

ஆனால், லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணை உயர்த்தினால் கடையில் தோட்டா முளைத்துவிடாது. ரேஷன் கார்டில் 20 கிலோ என்று எழுதியிருப்பதும் கடையில் மூட்டை வந்து இறங்குவதும் வேறு வேறு விஷயம் என்று நம் அம்மாக்களுக்கு நன்றாகவே தெரியும்.

போட்டித்தரத் தோட்டாவுக்கு இந்தியா வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. தேசிய ரைஃபிள் சங்கம் வரவழைத்துப் பங்கிட வேண்டும், அல்லது தகுதி பெற்ற வீரர்கள் அனுமதி வாங்கி வரவழைக்க வேண்டும். கப்பல், சுங்கம், உரிமம் என்று வழியில் எங்கே ஒரு முடிச்சு விழுந்தாலும் கடைசி முனையில் இருக்கும் கிளப்பில் குழாய் வறண்டுவிடும். போதாக்குறைக்கு, 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பாவில் வெடிமருந்துக்கான மூலப்பொருளே இழுபறி. பீரங்கிக் குண்டு கேட்டு ராணுவங்கள் வரிசையில் நிற்கும்போது, விளையாட்டுத் தோட்டாவுக்கு யார் முதலிடம் கொடுப்பார்கள்?

கடையெல்லாம் தோட்டா நிறைந்த அமெரிக்காவே இதில் ஒருமுறை திணறியிருக்கிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அரசு கட்டுப்பாடு கொண்டுவந்துவிடுமோ என்ற பயத்தில் மக்கள் அள்ளிக் குவித்தார்கள். வால்மார்ட் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்று அறிவித்தது. ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் சில வருடங்களுக்கு பாயின்ட் டூ டூ அலமாரிகள் காலியாகவே கிடந்தன. 'இன்னும் கிடைக்காதோ' என்ற பயத்தில் தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்கியதுதான் பாதி தட்டுப்பாடு. இங்கேயும் அந்தக் குணம் இல்லாமல் இல்லை. சரக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் போன் போவது யாருக்கு என்று எந்த ஜூனியரைக் கேட்டாலும் சொல்வார்.

சரி, இருக்கிறதை வைத்து என்ன செய்வது?

உண்மையில் நிறைய செய்யலாம். துப்பாக்கி சுடுதலில் தோட்டா வெளியேறும் அந்த நொடி, மொத்த வேலையில் ஒரு துளிதான். நிற்பது, மூச்சை அடக்குவது, குறியில் நிலைப்பது, விரலை அசைப்பது எல்லாவற்றையும் தோட்டா இல்லாமலே பழகலாம். இதற்குப் பெயர் 'டிரை ஃபயர்'. நின்று சுடும் நிலையில்தான் பெரும்பாலானவர்கள் புள்ளிகளைக் கோட்டைவிடுகிறார்கள். ஐந்து முறை வெறும் துப்பாக்கியில், பிறகு ஒரு முறை தோட்டாவுடன் என்று பழகினால், ஒரு பெட்டி ஒரு மாதம்கூட வரும். உலகத் தரத்தில் இருப்பவர்களும் தோட்டா கையில் நிறைய இருக்கும்போதே இந்தப் பயிற்சியைச் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ரிம்ஃபயர் துப்பாக்கியை வெறுமனே 'கிளிக்' பண்ணினால், தாங்குவதற்குத் தோட்டா விளிம்பு இல்லாததால் ஊசி நேராக அறையின் ஓரத்தில் இடித்து அதைச் சேதப்படுத்தக்கூடும். போட்டி ரைஃபிள்கள் பலவற்றில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. இல்லாதவர்கள் 'ஸ்நாப் கேப்' எனும் போலித் தோட்டாவைப் போட்டுப் பழக வேண்டும். பழகும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் 'பரவாயில்ல, பார்த்துக்கலாம்' என்பதெல்லாம் கிடையாது.

அடுத்தது ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் ஆயுத லைசென்ஸே வேண்டாம். ஈயக் குண்டும் எளிதாகக் கிடைக்கும். இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ. அதில் கை நின்றால் 50 மீட்டரிலும் நிற்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைக்குப் போனதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். வாரத்தில் மூன்று நாள் ஏர், ஒரு நாள் பாயின்ட் டூ டூ என்று பிரித்துக்கொள்வது, ஏனாத்தூர் மாதிரி தூரத்தில் இருப்பவர்களுக்குப் பஸ் காசையும் மிச்சப்படுத்தும்.

கையில் இருக்கும் தோட்டாவிலும் தரம் பிரிக்கலாம். உள்நாட்டு ஆயுதத் தொழிற்சாலைத் தோட்டா கிடைத்தால் நிலை பழகுவதற்கு. இறக்குமதித் தோட்டா குறி சரிபார்க்கவும் போட்டிக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே லாட்டை கிளப் வழியாக வாங்கினால், மாதா மாதம் புது லாட்டுக்குத் துப்பாக்கியைப் பழக்கும் வீண் செலவு மிச்சம். சென்னையின் புழுக்கத்தில் பெட்டியைத் திறந்து போடாதீர்கள். குண்டின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு வெயிலில் இளகினால் துல்லியம் போய்விடும். பழைய சரக்கு வெடிக்காமல் நின்றால், குழாயை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடமாவது காத்திருந்துவிட்டு, பிறகு ரேஞ்ச் அதிகாரி சொல்படிதான் திறக்க வேண்டும்.

'கிளப் வேண்டாம், ஏரிக்கரையில் வெச்சு நாலு சுட்டுப் பாத்துக்கலாம்' என்ற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடவும். இந்தக் குட்டிக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலையில், மத்தியப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த சுடுதளத்திலிருந்து தப்பிய குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். அது துப்பாக்கியைப் பழகிய கைகள், அரசுச் சுடுதளம்.

தட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றல்ல

இத்தனை டிப்ஸும் சரிதான். ஆனால், தோட்டா குறையும்போது ஒலிம்பிக் வீரரின் பயிற்சி நிற்பதில்லை. அவருக்கு சங்கம் இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார். நிற்கக் கூடாது என்பதும் நியாயமே. வசதியுள்ள பொழுதுபோக்கு ஷூட்டருக்குப் பழைய கையிருப்பு இருக்கும். முதலில் வெளியேறுவது, வாரம் ஒருநாள் பஸ் பிடித்து வரும் அந்த மாணவர்தான். 'அடுத்த மாசம் வாப்பா, சரக்கு வரல' என்று இரண்டு தடவை கேட்டால், மூன்றாவது தடவை அவர் வர மாட்டார். அவர் வராமல் போனது எந்தக் கணக்கிலும் ஏறாது.

2022 ஜூலையில் திருச்சியில் மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தபோது, பார்க்கக் கூடிய கூட்டத்தைப் போலீஸால் கட்டுப்படுத்த முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் மறுநாள் கிளப் வாசலுக்கு வந்திருந்தால்கூட, அவர்களுக்குக் கொடுக்க எத்தனை பெட்டி இருந்திருக்கும்?

தோட்டாவின் எரிமருந்து செய்யத் தெரியாத ஊரா இது? நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1904 முதல் இயங்குகிறது. என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 தோட்டா உள்நாட்டுத் தயாரிப்புதான். 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாகப் பிரித்தபோது, அருவங்காடும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தது. எலி, லாபுவாவுக்கு நிகராக நாளையே செய் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாகப் பழகுகிறவர் நம்பிச் சுடும் அளவுக்கு, லாட்டுக்கு லாட் வேகம் மாறாத ஒரு கிளப் தரத் தோட்டா, வருடம் முழுக்கத் தடையில்லாமல் வந்தால் போதும். இறக்குமதிச் சரக்கு போட்டி வீரர்களுக்கு மிஞ்சும், உள்நாட்டுச் சரக்கு ஜூனியர்களுக்குப் போகும்.

அதுவரை கிளப்புகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பைசா செலவில்லை. வாசலில் ஒரு பலகை. இந்த மாதம் எத்தனை பெட்டி வந்தது, யாருக்கு எத்தனை போனது, ஜூனியர்களுக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதிப் போட்டால் போதும். காலி கேஸைக்கூட எண்ணி வாங்கும் விளையாட்டில், நிறைந்த பெட்டியை எண்ணிக் காட்ட ஏன் தயங்க வேண்டும்?