அரசாங்க உதவி கேட்பது அவமானம் இல்லைங்க

 

அன்னதானம் பரிமாறும்போது தொண்டூழியர்களான எங்க காதில் அடிக்கடி விழும் பேச்சு இது: "அம்மாவ தாதிமை இல்லத்துல சேர்த்துட்டோம், மாசா மாசம் கட்டணம் கட்ட முடியல." ஏதாவது உதவிக்கு விண்ணப்பம் போட்டீங்களான்னு கேட்டா, "வேணாம்ணே, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்பார்கள்.

நாங்க வெளிப்படையாகவே சொல்கிறோம். இந்த வெட்கத்தால் யாருக்கும் புண்ணியம் இல்லை. நஷ்டப்படுவது பெற்றவர்களும், சம்பளத்தில் பாதியைக் கட்டணமாகக் கட்டும் பிள்ளைகளும்தான்.

முதலில் எல்டர்ஷீல்டு. 2002இல் வந்த காப்புறுதி இது. விலகாமல் இருந்தவர்களின் மெடிசேவ் கணக்கிலிருந்து பல வருஷம் சந்தா போயிருக்கு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாதவருக்குப் பணம் கிடைக்கும். பழைய திட்டத்தில் மாதம் 300 வெள்ளி, ஐந்து வருஷம் வரை. 2007க்குப் பிறகு வந்ததில் 400 வெள்ளி, ஆறு வருஷம் வரை. கேர்ஷீல்டு லைஃபுக்கு மாறியவர்களுக்கு இன்னும் கூடுதல், அதுவும் ஆயுள் முழுக்க. ரொக்கமாக வருவதால் இல்லத்துக் கட்டணத்துக்கே கொடுக்கலாம். இது பிச்சையா? அப்பா அம்மா உழைத்துக் கட்டிய பணம்ங்க!

பாலிசித் தாள் தொலைந்துபோச்சேன்னு விட்டுவிடாதீர்கள். சிங்பாஸ் வழியாகவே பார்க்கலாம், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடமும் கேட்கலாம்.

அடுத்து கட்டணக் கழிவு. குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து அரசாங்கம் கழிவு தருகிறது. ஆனால் நாமே ஒரு தனியார் இல்லத்தைத் தேடிப்போய்ச் சேர்த்துவிட்டால் முழுக் கட்டணம்தான். ஆகவே மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே அங்குள்ள மருத்துவ சமூக ஊழியரிடம் பேசுங்கள். ஒன்று கவனிக்கணும்: வீட்டில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த இல்லப் பராமரிப்பு மானியம், தாதிமை இல்லத்தில் சேர்ந்த பிறகு வராது. எல்டர்ஷீல்டு பணம் நிற்காது.

கடைசியா வருமான வரி. இங்கேதான் அண்ணன் தம்பிக்குள் சண்டையே. பெற்றோர் நம்முடன் வசிக்காவிட்டாலும், அவர்களுக்காக அந்த வருஷம் 2,000 வெள்ளியாவது செலவழித்திருந்தால், தகுதி உள்ளவருக்கு 5,500 வெள்ளி வரிக்கழிவு உண்டு. உடற்குறை உள்ள பெற்றோர் என்றால் 10,000 வெள்ளி. கையில் வரும் காசு அல்ல இது, வரிக்குரிய வருமானத்தில் குறைக்கும் தொகை. தகுதியுள்ள பிள்ளைகள் பேசிப் பகிர்ந்துகொள்ளலாம். சில வீடுகளில் தங்கச்சி கட்டணம் கட்டுகிறாள், பெரியவர் வரிக்கழிவு எடுக்கிறார். கோயிலில் முதல் மாலை வாங்கிக்கொள்பவர் இதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

"கோயில் நிதியில கொடுக்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம்தான். ஆனால் உண்டியல் பணம் பிள்ளைகுட்டி இல்லாதவர்களுக்கும், எந்தத் திட்டத்திலும் சேர முடியாதவர்களுக்கும் முதலில் போகணும். உரிமையுள்ளவர் உரிமையைக் கேட்டு வாங்கினால்தான் மற்றவருக்கு மிஞ்சும்.

நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஒரு மேசை, ஒரு கணினி, பாரம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளையர்கள். அது போதும். பெரிய திருப்பணிக்கு ஆள் திரட்டும் நமக்கு இது கஷ்டமா?

வயதானவர்களுக்குச் செய்யும் சேவையும் அம்மனுக்குச் செய்யும் சேவைதான். வெட்கப்படாம வாங்க, நாங்க கூட உட்கார்ந்து நிரப்பித் தர்றோம். தேவைப்படும் குடும்பத்துக்கு இதைப் பகிருங்கள்.

ஓம் சக்தி.