பேழைக்குக் காத்திருப்போர் கவனத்திற்கு



ஆண்டுதோறும் பிப்ரவரி 20 நெருங்கும்போது நம்மவரிடையே ஒரு பேச்சு எழும். 2011ஆம் ஆண்டு அந்நாளில் சென்னையில் மறைந்த மலேசியா வாசுதேவன் பாடிய பாடல்கள் அனைத்தையும் ஒரே பேழையில் அடக்கி, அழகிய அட்டையும் வண்ணப்படங்கள் நிறைந்த நூலும் சேர்த்து யாரேனும் வெளியிடமாட்டார்களா என்பதே அப்பேச்சு. அலோர் காஜா தேநீர்க் கடையிலும் கேட்டிருக்கிறேன். ஜாசின் திருமண மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன். 'சென்னையில் வேலை தொடங்கிவிட்டதாம்' என்பார் ஒருவர். 'விலை எவ்வளவானாலும் முதல் பேழை எனக்குத்தான்' என்று மார்தட்டுவார் இன்னொருவர். இப்படியே ஆண்டுகள் பல ஓடிவிட்டன.

இந்தக் காத்திருப்பை நான் எதிர்க்கிறேன். பாடகர்மீது எனக்கு வெறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய குரலைக் கேட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பெற்றோர் கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியினர்; பிறந்தது 1944இல் நம் மலாயாவில்; பாடிப் புகழ்பெற்றது தமிழில். தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ழகரமும் ளகரமும் நாவில் எப்படி நிற்க வேண்டும் என்று மாணவர்க்குக் காட்ட அவர் பாடல் ஒன்றே போதும். அத்தகையவரை நாம் நினைக்கும் முறை சரிதானா என்பதே என் கேள்வி.

முதலில், இந்தப் பேழை ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது மேலைநாட்டு ராக் இசை உலகின் வழக்கம். மறைந்த கலைஞரின் இசைத்தொகுப்புகளைத் திரட்டி, கிடைத்த துண்டு துணுக்குகளையும் சேர்த்துப் பெரும்பெட்டியாக விற்பார்கள். இரசிகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குவார்கள். குவீன் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பார்சி குடும்பத்தவர். சான்சிபாரில் பிறந்து, மகாராட்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிக்கல்வி பயின்றவர். 1991 நவம்பரில் மறைந்தார். குழுவை விட்டுத் தனியே அவர் செய்த இசைத்தொகுப்புகள் இரண்டே இரண்டு. 1985இல் ஒன்று, 1988இல் மோன்செராட் கபாயே என்னும் இசைநாடகப் பாடகியோடு இணைந்து பாடியது மற்றொன்று. ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பேழையில் இருந்தவை 10 குறுவட்டுகள், 2 காணொளி வட்டுகள்! இரண்டு தொகுப்பு எப்படிப் பத்து வட்டாகும்? பாதியில் நின்ற ஒத்திகைகள், குரலின்றி இசை மட்டும் ஒலிக்கும் பதிவுகள், செய்தியாளரோடு அவர் பேசிய நேர்காணல் என்று பலவும் உள்ளே இருந்தன. அந்த ஒத்திகை நாடாக்களை யாரோ ஒருவர் குப்பையில் எறியாமல் வைத்திருந்தார் என்பதே இதன் பொருள். நம் இரசிகப் பெருமக்கள் பெட்டியின் பளபளப்பைப் பார்க்கிறார்களே ஒழிய, நாடாவைக் காத்த கையைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரிது. ராக் பாடகரின் தொகுப்பு அவர் பெயரில் வெளிவருகிறது. திரைப்பாடல் அப்படியன்று, அது படத்தின் உடைமை. நம் நாட்டிலேயே சான்று உண்டு. பினாங்கில் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறப்புகள் மலாய்ப் பாடல்கள் பாடிப் பெரும்புகழ் பெற்றனர். லோகநாதன் 2007 ஜூனில் மறைந்தார். அவர்களுடைய தொகுப்புகளை எந்தக் கடையில் கேட்டாலும் குழுவின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். மலாய் இரசிகர்களும் அப்படியே கேட்பார்கள். வாசுதேவன் பாடலை நாம் எப்படிக் கேட்கிறோம்? 'முரட்டுக்காளை'யில் அவர் பாடிய மஞ்சுவிரட்டுப் பாடல் பொங்கல்தோறும் நம் ஊர்களில் முழங்குகிறது. அதன் பெயர் 'ரஜினி பாட்டு'. 'முதல் மரியாதை'யில் ஒரு முதியவரின் நெஞ்சையே குரலாக்கிக் கொடுத்தார். அது 'சிவாஜி பாட்டு'. '16 வயதினிலே' ஆட்டுக்குட்டிப் பாடல் 'கமல் பாட்டு'. நடிகரின் பெயர் இல்லாவிட்டால் இசையமைப்பாளரின் பெயர். பாடியவர் பெயருக்கு அங்கே இடமே இல்லை.

இது நம் வாய்ப்பழக்கம் மட்டுமன்று. சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. '16 வயதினிலே' வெளிவந்த அதே 1977ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. படத்திற்காக ஊதியம் பெற்று எழுதப்பட்ட பாடலுக்கும் அமைக்கப்பட்ட இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். பாடகர் அந்தக் கணக்கிலேயே இல்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மட்டும் தனிக்குறிப்பு எழுதினார். பாடுவோனுக்கு உரிமை இல்லை என்பது இந்திய இசை மரபுக்கே ஒவ்வாதது, சட்டம் திருந்த வேண்டும் என்றார். 1994இல் கலைஞர்களுக்கு ஓர் உரிமை தரப்பட்டது. ஆனால், படத்திற்கென்று ஒப்புதல் தந்து பாடிவிட்டால் அந்த உரிமை அத்தோடு முடிந்தது. பாடகருக்கும் உரிமைத்தொகையில் பங்குண்டு என்ற திருத்தம் நடப்புக்கு வந்தது 2012 ஜூனில். வாசுதேவன் மறைந்து ஓராண்டும் நான்கு மாதங்களும் கழிந்த பிறகு!

எண்ணிப் பாருங்கள். 1977இல் புகழ் தொடங்குகிறது; 2011இல் உயிர் பிரிகிறது. உரிமையற்ற அந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அவருடைய புகழ்வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டது. இதைப்பற்றி நம் தேநீர்க் கடைகளில் ஒரு சொல் உண்டா? பேழையின் அட்டை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்றுதானே பேசுகிறோம்?

பேழையே வராது என்று நான் சோதிடம் சொல்லவில்லை. ஆனால் அதை யார் வெளியிடுவது? அவர் பாடிய பாடல்கள் எத்தனையோ நூறு படங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒலிப்பதிவு உரிமை ஒரு நிறுவனத்திடம், படம் ஒரு தயாரிப்பாளரிடம், இசை ஓர் இசையமைப்பாளரிடம். இளையராஜா தம் பாடல்கள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2014இல் இடைக்காலத் தடை பிறந்தது. அவ்வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற நிறுவனங்களுள் ஒன்று மலேசியாவைச் சேர்ந்த அகி மியூசிக் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. உயிரோடிருக்கும் இசையமைப்பாளருக்கே இத்தனை ஆண்டு வழக்காட வேண்டியிருக்கிறது. மறைந்த பாடகருக்காக அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி வர யார் புறப்படப் போகிறார்கள்? இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு நீடிக்கும். 1977இல் வெளிவந்த இசைத்தட்டு 2037 வரை பூட்டிய பெட்டிதான்.

சரி, எல்லாரும் மனம் ஒப்பிப் பேழை வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கும்? சென்னையில் பதிவானவை இருக்கும். சென்னைக்கு முன் என்ன? மலேசியத் தமிழ் நாடகக் குழு ஒன்றில் நடித்தும் பாடியும் வளர்ந்தவர் அவர். இங்குள்ள தமிழர் சிலர் கூட்டுச் சேர்ந்து, தாங்கள் மேடையேற்றிய 'இரத்தப் பேய்' நாடகத்தைப் படமாக்கச் சென்னை சென்றபோது அதில் நடித்தவர். 'மலேசியா' என்னும் அடைமொழியைப் பெயரில் சுமந்ததற்குக் காரணமான ஆண்டுகள் அவை. அந்த மேடைக்குரல் எந்தச் சென்னை நிறுவனத்தின் அலமாரியிலும் கிடைக்காது. பேழையின் முதல் வட்டு இங்கேதான் இருக்க வேண்டும். யாரேனும் வீட்டில் ஒரு பழைய நாடாச் சுருளாகவோ, ஒரு நிகழ்ச்சித் தாளாகவோ, அல்லது ஒரு முதியவரின் நினைவாகவோ இருக்க வேண்டும். வாசுதேவன் இன்று இருந்தால் எண்பதைக் கடந்திருப்பார். அவர் காலத்தில் மேடையேறியோரும் அவ்வயதினரே. அவர்களைத் தேடிப்போய், 'ஐயா, அந்நாளில் நாடகம் எப்படி நடந்தது, யார் பாடினார்கள்' என்று கேட்டுப் பதிவு செய்தவர் நம்மில் எத்தனை பேர்? சென்னையிலிருந்து பெட்டி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கொல்லைப்புறத்தில் நம் சொந்தப் பெட்டியைக் கறையான் தின்கிறது.

இதை நான் அணிக்காகச் சொல்லவில்லை. நம் மலாக்காத் தோட்டங்களைப் பாருங்கள். கோவில் திருவிழா என்றால் நாடகம் இருந்தது. உள்ளூர் இசைக்குழு இருந்தது. பால்வெட்டி முடித்த கை மாலையில் ஆர்மோனியத்தில் அமர்ந்தது. ஒலிநாடா வந்தபின் அவற்றைப் பதிவும் செய்தார்கள். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. மக்கள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் மலாக்கா நகரத்து அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். வீடு மாறும் நாளில் முதலில் தூக்கி எறியப்படுவது எது? பிஸ்கட் டின்னில் கிடக்கும் பழைய நாடாக்கள்தாம். என் மாணவர் ஒருவரின் பாட்டனார் தோட்டத்து இசைக்குழுவில் பாடியவர். அவர் குரல் இருந்த டின் எங்கே என்று கேட்டேன். 'பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம் சார்' என்றார் தந்தை. அந்தத் தந்தையும் வாசுதேவன் பேழைக்குக் காத்திருப்பவர்களுள் ஒருவர்.

'எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே' என்போர்க்கும் ஒரு சொல். கிடைப்பது திரைப்பாடல். அதிலும் பாடியவர் பெயர் மாறிக் கிடப்பதைப் பலமுறை காண்கிறோம். வாசுதேவன் பாடியதை வேறொருவர் பாடியதாக எழுதியிருப்பார்கள். நம் தோட்டத்துப் பாடகரோ எந்தப் பெயரிலும் அங்கே இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேழைக்குக் காத்திருக்கும் நண்பர்களிடம் குறுவட்டு ஓட்டும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுப்பார்த்தேன். பெரும்பாலோரிடம் இல்லை. ஆக, அவர்கள் கேட்பது பாடலையா, கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு பொருளையா?

பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறிது. அந்த டின்னை எறிவதற்கு முன் திறந்து பாருங்கள். நாடாவில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தால் ஓட்டவே வேண்டாம். ஓட்டினால் கருவியும் கெடும், அடுத்த நாடாவுக்கும் பூஞ்சை தொற்றும். நல்ல நாடாவானால் ஒலிநாடாக் கருவியிலிருந்து ஒரு கம்பி வழியே கணினிக்கு மாற்றுவது ஒரு மாலைநேர வேலை. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் ஆகும், அவ்வளவே. மாற்றிய கோப்பை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். எல்லாவற்றினும் முதன்மையானது பெயர். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, ஆர்மோனியம் வாசித்தவர் யார் என்பனவற்றைப் பாட்டனாரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். பெயரில்லாத குரலை நாளை யாராலும் அடையாளங்காண முடியாது.

ஆசிரியர்களே, நமக்கும் பங்குண்டு. பள்ளிக் கலைநிகழ்ச்சியில் மாணவர் பாட வரும்போது அறிவிப்பாளர் என்ன சொல்கிறார்? படத்தின் பெயர், நடிகரின் பெயர். இனிமேல் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என்னும் மூவர் பெயரையும் சொன்ன பின்னரே பாடல் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி செய்தால் என்ன குறைந்துவிடும்? பத்து வினாடி கூடுதலாகும். ஐந்தாம் ஆண்டு மாணவன், 'பாடியவர் மலேசியா வாசுதேவன்' என்று ஒலிவாங்கியில் சொல்வான். கீழே அமர்ந்திருக்கும் அவன் தங்கை, 'ஏன் அவர் பெயரில் மலேசியா இருக்கிறது?' என்று கேட்பாள். தோட்டத்து மேடையைப்பற்றி அவளிடம் நாம் பேசத் தொடங்கலாம்.

வரும் பள்ளி விடுமுறையில் நானும் இரு நண்பர்களும் தெபோங்கிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறோம். ஓடும் நிலையில் உள்ள பழைய ஒலிநாடாக் கருவி ஒன்று தேவைப்படுகிறது. எவரிடமேனும் இருந்தால் தெரிவியுங்கள். மெர்லிமாவ் வரை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.