கண்ணாடி அலமாரித் திருடர்கள்

சென்ற தை மாதத்தில் என் தங்கை மகன் ஒரு காசைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். "உங்களுக்குத்தான் மாமா. சரித்திரக் கதை எழுதுறவர் நீங்க. இது உங்ககிட்ட இருந்தாத்தான் பொருத்தம்" என்றான்.

செம்புக் காசு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கத்தில் கேடயச் சின்னம். மறுபக்கத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மூன்று ரோமன் எழுத்துகள். அவற்றின் கீழே 1790 என்ற வருஷம். அந்த எழுத்துகள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1602-இல் பிறந்து, 1799-ஆம் வருஷ முடிவோடு கடையைக் கட்டிய கம்பெனி அது.

காசு கிடைத்த இடம் கடத்தூர். தருமபுரி மாவட்டத்தில், வெற்றிலைச் சந்தைக்குப் பேர்போன ஊர். என் தங்கையின் புகுந்த வீட்டார் அங்கே உள்ளவர்கள். பையன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். கையில் பணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் 'கீ' என்று கத்துகிற ஒரு கருவியை வாங்கி வைத்திருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் அதைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் திரிந்திருக்கிறான். பழைய ஆணிகளும் லாடங்களும் கிடைத்த கூடையில் இந்தக் காசும் கிடைத்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்துப் போனேன். கண்ணாடி அலமாரியில் வெல்வெட்டுத் துணி விரித்து அதை வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். கடலே இல்லாத கடத்தூருக்கு டச்சுக்காரன் காசு எப்படி வந்தது என்று நானே கேட்டு, நானே பத்து விதமாகப் பதிலும் சொன்னேன். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியத்தில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, சரித்திரம் போதித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வந்தார். அவர் ஆச்சரியப்படவில்லை. காசைக் கையில்கூட வாங்காமல் மூன்று கேள்விகள் கேட்டார். "எந்த இடத்தில் கிடைத்தது? எத்தனை ஆழத்தில்? கூட வேறென்ன இருந்தது?"

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கடத்தூர்லதான் மாமா. ஒரு புளியமரத்துக்குக் கிட்டக்க. ஒரு முழம் இருக்கும். ஏதோ ஓட்டுச்சில்லு கிடந்தது, தள்ளிட்டேன்" என்றான்.

நண்பர் காசை அலமாரியில் இருந்தபடியே விட்டுவிட்டு, "இனிமேல் இது செம்பு" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆனால் அது நியாயமான வார்த்தை. யோசித்துப் பாருங்கள். 1790 என்பது சாமானியமான வருஷமா? அந்த ஆண்டில்தான் மூன்றாவது மைசூர் யுத்தம் மூண்டது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இந்தப் பக்கத்து நிலங்களை அளந்து வரி போட்டார்கள். இந்தக் காசு ஒரு சிப்பாயின் இடுப்பிலிருந்து விழுந்ததா? நாகப்பட்டினத்துப் பக்கம் போய்வந்த வியாபாரி கொண்டுவந்ததா? வரிக்குப் பயந்த ஒரு குடியானவன் கலயத்தில் போட்டுப் புதைத்ததா? அந்த ஓட்டுச்சில்லு கலயத்தின் வாயாக இருந்திருக்கலாம். சோற்றுப்பானையின் அடியாகவும் இருந்திருக்கலாம். அதைத் தள்ளிவிட்ட கையோடு விடையும் போய்விட்டது. இனி நான் கதை எழுதலாம். யாரும் சரித்திரம் எழுத முடியாது.

காசு பேசும் என்கிறோம். அது தனியாகப் பேசுவதில்லை; கிடந்த இடத்தோடு சேர்ந்துதான் பேசும். 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது அவருக்குக் கைகொடுத்தது தங்கமா? இல்லை, இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு மட்பாண்டங்களின் உடைசல். அவை எந்தக் காலத்தவை என்பது ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் தென்னாட்டுப் பழஞ்சரித்திரத்துக்கு ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தவை நாலணா பெறாத அந்தச் சில்லுகளே.

மறுபக்கம் பாருங்கள். 1842-இல் கோவைக்கு அருகே வெள்ளலூரில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் கிடைத்தன. 1946-இல் உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1,400-ஐ ஒட்டிய வெள்ளிக் காசுகள். புதுக்கோட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. வெட்டியது யார், எதற்காக வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். புதைத்தவன் வீடு எங்கே, தொழில் என்ன, பக்கத்தில் பட்டறை இருந்ததா என்று மண்ணைப் படித்திருந்தால் அந்த வாதத்துக்கு ஒரு வெளிச்சம் கிடைத்திருக்கலாம். காசை எண்ணினார்கள், மண்ணைப் படிக்கவில்லை.

நாமோ மேடை ஏறி முழங்குகிறோம். மிளகுக்காகவும் முத்துக்காகவும் ரோமாபுரியின் பணம் இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி அங்கலாய்த்தானாம். ஆகா என்று கை தட்டுகிறோம். கை தட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தட்டிய அதே கையால், சாட்சி கிடக்கும் மண்ணை எதற்காகக் குதறுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

மாசியில் பையனையும் அழைத்துக்கொண்டு கடத்தூருக்குப் போனேன். புளியமரத்தைக் கண்டுபிடித்தோம், ஒன்றல்ல, ஏழு மரங்கள். எந்த மரம் என்று அவனுக்கு நினைவில்லை. நிலத்துக்காரர் பெரியவர், எழுபது வயது இருக்கும். எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"தம்பி வந்து நோண்டிட்டுப் போனது தெரியுமுங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனுங்க. அந்த மேட்டுல ஏர் ஓட்டறப்பவெல்லாம் ஓட்டுச்சில்லு வருமுங்க" என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான்.

பிறகு அவரே சொன்னார். அவர் தகப்பனார் கிணறு வெட்டிய காலத்தில் ஒரு கலயம் வந்ததாம். உள்ளே வெள்ளிக் காசுகள் இருந்தனவாம். யார் காசு, எந்தக் காலம், ஒன்றும் தெரியாது. இரவோடு இரவாக உருக்கிக் கால்காப்பு செய்துவிட்டார்களாம்.

"அதிகாரிகளிடம் சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்றேன்.

அவர் சிரித்தார். "சொன்னா முதல்ல என்னங்க கேப்பாங்க? 'மீதி எங்கேடா?'ன்னு கேப்பாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நம் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று தேடினேன். நமக்கு இருக்கும் புதையல் சட்டம் 1878-ஆம் வருஷத்தது, வெள்ளைக்காரன் போட்டது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பொருளுக்கு உரிமையாளர் யாரும் வராமல், வேறு ஒப்பந்தமும் இல்லாதபோது, கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. தெரிவிக்காவிட்டால் பங்கும் போகும். ஒரு வருஷம் வரை சிறைவாசமும் கிடைக்கலாம். சர்க்கார் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கும். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துச் சாட்சிக்குத் தட்டானின் தராசில் விலை வைத்துவிட்டு, அதைத் தட்டானிடம் கொண்டுபோகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? செம்பு விலைக்குப் பார்த்தால் என் டச்சுக் காசு பத்து ரூபாய்கூடத் தேறாது!

இங்கிலாந்தில் 1992-ஆம் வருஷம் ஹாக்ஸ்னி என்ற கிராமத்தில் ஒருவர், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேட இதே மாதிரிக் கருவியோடு போனார். ரோமானியக் காசுகள் தட்டுப்பட்டன. அவர் கொஞ்சம் எடுத்ததும், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலார் வந்து மண்ணோடு மண்ணாகப் பெயர்த்தெடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள். அவை இருந்த மரப்பெட்டியின் அடையாளம். உள்ளே எது எதன்மேல் அடுக்கியிருந்தது என்ற விவரம் உட்பட எல்லாம் கிடைத்தன. சன்மானம் 17.5 லட்சம் பவுன். அதை அவர் குடியானவரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்த ஊரில் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் ஹெரிஃபர்ட்ஷயரில் கிடைத்த வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்றவர்கள் 2019-இல் சிறைக்குப் போனார்கள். முந்நூறு காசு இருக்கும் என்று கணித்த இடத்தில் மீண்டவை முப்பது சொச்சமே. ஆனால் சொன்னவனுக்கு மரியாதை, மறைத்தவனுக்குத் தண்டனை என்ற வரிசை அங்கே இருக்கிறது. நம்மிடம் தண்டனை மட்டும் எழுத்தில் இருக்கிறது, மரியாதையைக் காணோம்.

ஆனால் சட்டத்தைத் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உருக்கிய குடியானவனுக்கு அச்சம் இருந்தது, வறுமை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? அலமாரி இருந்தது. காசு சேகரிக்கும் கனவான்கள் ஒன்று சொல்வார்கள்: "நாங்கள் வாங்காவிட்டால் இவை உருகிப் போகும், நாங்கள் காப்பாற்றுகிறோம்." அதில் உண்மை உண்டு. கரூரில் அமராவதி மணலில் கிடைத்த காசுகளைத் திரட்டி, ஆராய்ந்து, புத்தகமாகப் பதிப்பித்தார் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் செய்தது தொண்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்? எத்தனை பேர் விற்றவனிடம் "எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில்?" என்று கேட்டிருக்கிறார்கள்? கேட்கமாட்டார்கள். கேட்டால் விற்பவன் பயந்து ஓடிவிடுவான். ஆகையால் கேட்காமலிருப்பதே வியாபார தர்மம்! உருக்கியவன் உலோகத்தின் வடிவத்தை அழித்தான். வடிவத்தை வைத்துக்கொண்டு பொருளை அழிக்கிறவர்கள் நாம். வாங்குகிற கை இருக்கிறவரையில் தோண்டுகிற கை ஓயாது. போலீஸ்காரர் பிடிப்பது மண்வெட்டிக்காரனை. மண்வெட்டிக்குக் கூலி கொடுக்கிறவன் வரவேற்பறையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. கண்டதைச் சொன்ன குடியானவனிடம் 'மீதி எங்கேடா' என்று கேட்காத ஓர் உத்தியோகஸ்தர் வேண்டும். உலோகத்தின் எடைக்கு அல்லாமல், அது சொல்லும் செய்திக்குச் சன்மானம் வேண்டும். அருங்காட்சியகத்தின் அட்டையில் சக்கரவர்த்தியின் பெயருக்குக் கீழே கண்டெடுத்தவனின் பெயரும் வேண்டும். கருவி தூக்கும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு விதி: நிலத்துக்காரரைக் கேளாமல் கால் வைக்காதே, கருவி கத்தினால் கையை எடு, ஆளைக் கூப்பிடு.

காசை நான் அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர் மரியாதையாகவே பேசினார். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார். 'ஊர்' என்ற இடத்தில் கடத்தூர் என்று எழுதினேன். 'கிடைத்த இடம், ஆழம், உடன் கிடைத்த பொருள்கள்' என்று அடுத்த வரி இருந்தது. நாற்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த வரியில் எழுத எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு காசு இருந்தால், அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள். அவருக்கும் மறந்து போவதற்குள்.