பெலே சிலையடியில் தீராத வழக்கு

பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளுக்குத் துணையாக இன்னொரு சிலையும் நிற்கிறது. பெலே. தலைவர்களுக்குச் சிலை வைப்பதில் சளைக்காத நாடு என்றாலும், தமிழ் பேசும் உழைப்பாளிகளின் குடியிருப்பு ஒன்றில் பிரேசில் நாட்டு ஆட்டக்காரருக்கு இப்படியொரு மரியாதை கிடைப்பது அபூர்வம். உலகக் கோப்பை நடக்கும் வருஷங்களில் இங்குள்ள சந்துகள் மஞ்சளும் பச்சையுமாகிவிடுகின்றன. 'மினி பிரேசில்' என்ற பட்டப் பெயர் சும்மா வரவில்லை.

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு வழக்கு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. வாதி பெரும்பாலும் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் அணியில் ஆடி ஓய்வு பெற்ற மாமா. பிரதிவாதி, சிவப்பும் கறுப்புமாக ஆர்சிபி பனியன் போட்ட மருமகன்.

"நின்ன எடத்துல நின்னு மட்டையைச் சுத்துறதெல்லாம் ஒரு ஆட்டமாடா?"

"நூத்தி நாப்பது கிலோமீட்டர் வேகத்துல பந்து வருது மாமா. நீங்க போய் நின்னு பாருங்க."

"நீ தொண்ணூறு நிமிஷம் ஓடிட்டு வா. அப்புறம் நா நிக்கிறேன்."

வழக்கு இதற்கு மேல் நகர்வதில்லை. ஆனால் டீக்கடையோடு விட்டுவிடக்கூடிய அற்ப விஷயமும் இல்லை இது. கால்பந்தா கிரிக்கெட்டா என்ற கேள்வி, ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் கால்களை எதற்குச் செலவழிப்பது என்ற கேள்வியும்தான்.

உடல் உழைப்பைப் பொறுத்தவரை மாமா பக்கம் நியாயம் அதிகம். உயர்மட்டக் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதுவும் ஒரே சீராக அல்ல. பாய்ந்து, நின்று, திரும்பி, எகிறி, மோதி, மறுபடி பாய்ந்து. இரண்டு பாதிகளுக்கு நடுவே 15 நிமிஷ இடைவேளை. மூச்சு வாங்க அவ்வளவுதான் அவகாசம்.

இதைக் கிரிக்கெட் வாரியமே ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் உடல் தகுதியை அளக்க 2017ல் 'யோ-யோ' சோதனை பெரிதாகப் பேசப்பட்டது. பெங்களூரில் இருந்த தேசிய கிரிக்கெட் அகாதெமிக்கு வந்து 20 மீட்டர் தூரத்தை மாறி மாறி ஓடி 16.1 என்ற அளவைத் தொடாதவர்களுக்கு அணியில் இடம் இல்லை என்ற நிலை வந்தது. நல்ல பேட்ஸ்மேன்கள் சிலரே அதில் தடுக்கி விழுந்தார்கள். அந்தச் சோதனையை வடிவமைத்தவர் யென்ஸ் பாங்ஸ்போ. டென்மார்க்கைச் சேர்ந்த அந்த உடலியல் நிபுணர் அதைக் கால்பந்து ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் செய்தார். கிரிக்கெட் தன் தேகத்தைச் சோதிக்கக் கால்பந்திடம் அளவுகோல் கடன் வாங்கியது என்று மாமா சொல்லிக்கொள்ளலாம். 2010ல் நாகபுரி டெஸ்டில் அறிமுகமாக வேண்டிய ரோகித் சர்மா, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றச் சக வீரர்களோடு கால்பந்து ஆடியதில்தான் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். அவருடைய டெஸ்ட் அறிமுகம் 2013 வரை தள்ளிப்போனது!

அதற்காக மருமகனை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இதே பெங்களூரின் ராகுல் திராவிட் 2004ல் ராவல்பிண்டியில் 270 ரன் எடுக்க 740 நிமிஷம் ஆடினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஒவ்வொரு பந்துக்கும் கண்ணையும் புத்தியையும் கட்டி வைப்பது நுரையீரலின் வேலை மட்டும் அல்ல. ஒரு நாளில் இருபது ஓவர் வீசும் வேகப்பந்து வீச்சாளரின் முதுகெலும்பைக் கேட்டால் அதுவும் ஒரு கதை சொல்லும். கால்பந்தின் 90 நிமிஷத்திலும் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லாத ஆட்டங்களே அதிகம். மீதி நேரம் அவுட், ஃப்ரீ கிக், அடிபடாமலே உருண்டு புரளும் நாடகம்.

அமெரிக்காவிலும் இதே வழக்கு உண்டு. அங்கே மாமாவின் எதிரி அமெரிக்க ஃபுட்பால், பேஸ்பால், பாஸ்கெட்பால். கையால் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு 'ஃபுட்பால்' என்று பெயர் வைத்துவிட்டு, காலால் ஆடுவதை 'சாக்கர்' என்று ஒதுக்கி வைத்த தேசம் அது. கோல் விழாத ஆட்டத்தை யார் பார்ப்பது என்பது அங்கே பழைய கேலி. ஆனால் 2010ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தபோது, மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் அமெரிக்க ஃபுட்பால் ஒளிபரப்பில் உண்மையான ஆட்டம் சுமார் 11 நிமிஷம்தான் என்று தெரிந்தது. இன்னொரு சங்கதியும் உண்டு. கால்பந்து பிடிக்காது என்று சொல்லப்பட்ட அந்த நாட்டில் 1994ல் உலகக் கோப்பை நடந்தபோது 52 ஆட்டங்களுக்கு 35 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். 2022 வரை எந்த உலகக் கோப்பையும் அந்த மொத்தக் கூட்டத்தை மிஞ்சவில்லை, பின்னால் ஆட்டங்களின் எண்ணிக்கை 64 ஆன பிறகும்கூட.

ஆக, ஆட்டத்தில் வசீகரம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. வசீகரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது எங்கே தங்குகிறது, எங்கிருந்து கிளம்பிப் போய்விடுகிறது என்பதுதான்.

பெங்களூரில் அது நெடுங்காலம் தங்கியிருந்தது. 1809ல் ஆங்கிலேயர்கள் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது மதராஸ் படைகளோடு தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள். கோரா சிப்பாய்கள் மைதானத்தில் உதைத்த பந்து வேலி தாண்டி அல்சூருக்கும் ஆஸ்டின் டவுனுக்கும் வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. மட்டை, பேட், கையுறை என்று எதுவும் தேவைப்படாத ஆட்டம். பூட்ஸ்கூட வேண்டாம். 1937ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி 'பெங்களூர் முஸ்லிம்ஸ்'. மறு வருஷமும் அவர்களே வென்றார்கள். 1946-47ல் மைசூர் அணி வங்காளத்தைத் தோற்கடித்துச் சந்தோஷ் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தது.

1948 ஜூலை 31 அன்று லண்டனின் இல்ஃபோர்டில் நடந்ததுதான் உச்சம். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், எதிரணி பிரான்ஸ். இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு, கடைசி நிமிஷங்களில் கோல் வாங்கி, 1-2 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல். அதே அணியில் வஜ்ரவேலு, தன்ராஜ், அகமது கான் என்று பெங்களூர்க்காரர்கள் இன்னும் இருந்தார்கள். அகமது கான் பந்தை மகுடிக்கு ஆடும் பாம்பு போல ஆட்டுவிப்பவர் என்பதால் கல்கத்தா ரசிகர்கள் அவருக்குப் 'பாம்பாட்டி' என்றே பெயர் வைத்தார்கள். 1952ல் ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று நொறுங்கியபோது அந்த ஒற்றை கோலும் அவருடையதுதான்.

இந்த ஆட்டக்காரர்களை உருவாக்கியது சந்து. ஆனால் அவர்களைத் தொடர்ந்து ஆட வைத்தது சம்பளம். இதைத்தான் கால்பந்தின் புகழ் பாடுகிறவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூரில் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஐடிஐ தொலைபேசி செய்தது, எச்ஏஎல் விமானம் செய்தது. இரண்டுமே கால்பந்து அணியும் வைத்திருந்தன. ராணுவத்தின் மதராஸ் எஞ்ஜினியர் குழுமத்துக்கும் அணி உண்டு. நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையில் பயிற்சி, பிறகு தொழிற்சாலை, மாலையில் லீக் ஆட்டம். முப்பத்தைந்து வயதில் முழங்கால் சொன்னபடி கேட்காதபோதும் வேலை போகாது. பிராவிடண்ட் ஃபண்ட் உண்டு, கேன்டீன் சாப்பாடு உண்டு. ஆஸ்டின் டவுனில் ஒரு தாய் தன் மகனைப் பந்து உதைக்க விட்டதற்கு பெலே மட்டும் காரணம் இல்லை.

ஆஸ்டின் டவுனில் வளர்ந்த கார்ல்டன் சாப்மன் அந்த மரபின் கடைசிப் பெரிய பெயர். 1993ல் கிழக்கு வங்காள அணிக்காக ஈராக்கின் அல் ஜவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர். இந்தியாவின் தலைவராகவும் இருந்தார். அவருடைய காலத்தில், 1996ல், இந்தியா உலகத் தரவரிசையில் 94ஆம் இடத்தைத் தொட்டது. 2025ல் அது 130ஐத் தாண்டிக் கீழே போய்விட்டது. சாப்மன் 2020 அக்டோபரில், 49 வயதில், பெங்களூரில் காலமானார்.

இதற்கு நடுவில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1983ல் லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார், அந்தப் படம் டெலிவிஷன் வழியாக ஒவ்வொரு வீட்டு வரவேற்பறைக்கும் வந்தது. 1991க்குப் பிறகு ஐடிஐ போன்ற ஆலைகள் போட்டியில் நலியத் தொடங்கின. புதிதாக ஆளெடுப்பதே குறைந்தபோது விளையாட்டு ஒதுக்கீடு எங்கிருந்து வரும்? எச்ஏஎல் 2012 வாக்கில் தேசிய லீகின் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. கிரிக்கெட் கால்பந்தைத் தோற்கடித்தது என்று பொதுவாகச் சொல்கிறோம். கிரிக்கெட் ரசிகனைத்தான் கொண்டுபோனது. ஆட்டக்காரனைக் கொண்டுபோனது ஆலையின் வீழ்ச்சி.

ரசிகன் திரும்பி வரக்கூடியவன் என்பதற்கும் பெங்களூரே சாட்சி. 2013ல் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் பெங்களூர் எஃப்சி அணியைத் தொடங்கியது. முதல் வருஷமே ஐ-லீக் பட்டம். 2016ல் ஏஎஃப்சி கோப்பையின் இறுதி ஆட்டம், 2018-19ல் ஐஎஸ்எல் பட்டம். கண்டீரவா ஸ்டேடியத்தின் மேற்குக் கேலரியில் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' இளைஞர்கள் ஆட்டம் முழுக்க உட்காராமல் பாடித் தீர்த்தார்கள். கப்பன் பார்க்குக்கு அந்தப் பக்கம் சின்னசாமி ஸ்டேடியம், இந்தப் பக்கம் கண்டீரவா. நல்ல ஆட்டமும் நல்ல நிர்வாகமும் இருந்தால் இரண்டுக்கும் ஆள் வருகிறது. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபே அணிக்கு எதிராக இந்தியா ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர். அணித் தலைவர் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் ஒரு வீடியோவில் கெஞ்சினார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

(கண்டீரவா விஷயத்தில் ஒரு முரண் உண்டு. அது தடகள மைதானம். கால்பந்து உள்ளே வந்ததும் ஓட்டக்காரர்களுக்கும் ஈட்டி எறிபவர்களுக்கும் பயிற்சிக்கு இடமும் நேரமும் சுருங்கியது. அவர்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தேகபலத்தைப் பற்றிய விவாதத்தில் உண்மையான தடகளக்காரனின் கட்சியை யாரும் கேட்கவில்லை.)

ஆட்டக்காரன் திரும்பி வந்தானா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பந்த் என்ற ஒரு வீரருக்கு லக்னோ அணி 27 கோடி ரூபாய் கொடுத்தது. ஐஎஸ்எல்லில் ஒரு முழு அணிக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட சம்பள உச்சவரம்பே 20 கோடிக்கும் கீழ். அந்தப் பணமும் நிச்சயம் இல்லை என்று 2025 காட்டியது. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் அந்தப் பருவத்தின் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் எஃப்சி தன் முதன்மை அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இந்தியாவுக்காக 90க்கு மேல் கோல் அடித்த சேத்ரியின் கிளப்புக்கே இந்த நிலை என்றால், கௌதமபுரத்துப் பதினாறு வயதுப் பையன் எதை நம்பி ஓடுவது?

கிரிக்கெட் பக்கமும் நிழல் இல்லாமல் இல்லை. 2025 ஜூன் 3 அன்று ஆர்சிபி பதினெட்டாவது முயற்சியில் ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் வெற்றி விழாவுக்குச் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் முண்டிய கூட்டத்தில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள். பனியன் போட்ட மருமகன்கள்தான் அந்தக் கூட்டம். ஆட்டத்தின் பணத்தில் அவர்களுக்குப் பங்கு எதுவும் கிடையாது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. பழைய மைசூர் அணி 1968-69ல் வென்ற பிறகு 54 வருஷம் கழித்து! டீக்கடை மாமாவுக்கு அது போதும், இன்னும் பத்து வருஷம் வாதாடலாம்.

கால்பந்து பெங்களூரில் வேறு ஒரு விதத்திலும் திரும்பி வந்திருக்கிறது. நகரம் முழுக்கக் காலி மனைகளிலும் மொட்டை மாடிகளிலும் பச்சைச் செயற்கைப் புல் விரித்து வலை கட்டியிருக்கிறார்கள். வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். இரவு பத்து மணிக்கு ஐடி கம்பெனி இளைஞர்கள் விலை உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போனிலேயே பங்கு பிரித்துப் பணம் கட்டிவிட்டு ஆடுகிறார்கள். சாரங்கபாணி ராமன் காலத்தில் பெங்களூர்ப் பையனுக்குப் பூட்ஸ்கூடத் தேவைப்படவில்லை. இப்போது புல்லுக்கே மீட்டர் ஓடுகிறது.