கிரகசாரம் சரியில்லாத மோட்டார்

'தானாக' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் உள்ள கவர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. தானாக அரைக்கும் கல், தானாகத் துவைக்கும் தொட்டி, தானாக நிரம்பும் தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, இனி இந்த வேலையைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று பெருமூச்சு விட்டோம். கை ஓய்ந்தது உண்மைதான். கை ஓய்ந்த அன்றே கவனமும் ஓய்ந்துவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டோமே, அந்தத் தீர்மானத்தைத்தான் இந்த வாரம் சிறிது பரிசீலிக்க விரும்புகிறோம். அதற்குத் தகுந்த உதாரணம், பல குடும்பங்களில் பத்துப் பதினைந்து வருஷங்களாக உழைத்துவரும் தானியங்கிக் கியர் மோட்டார் வண்டி.

அம்பாஸடர் ஓட்டிய தலைமுறையினருக்கு நினைவிருக்கும். ஸ்டீரிங்கை ஒட்டி நின்ற கியர்த் தண்டை இடது கையால் இழுப்பதும், அதே கணத்தில் இடது காலால் கிளட்சை மிதிப்பதும், இரண்டும் பிசகாமல் ஒன்றுசேர்வதும் ஒரு வித்தையாகவே இருந்தன. இந்த வித்தையை யந்திரமே செய்துகொள்ளும்படி அமைத்து, ஏராளமாக உற்பத்தி செய்து முதன் முதலாக விற்றவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார். 1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் வண்டியில், 'ஹைட்ரமாட்டிக்' என்ற பெயருடன் அது வெளிவந்தது. முன்செல்ல நான்கு கியர். மிதிப்பதற்குக் கிளட்ச் கிடையாது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க டாங்கிகள் சிலவற்றிலும் அதையே பொருத்தினார்கள். நம் நாட்டில் நெடுங்காலம் அது செல்வந்தர் வீட்டு வஸ்துவாகவே இருந்து, பிறகு நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் ஸெடான் வண்டிகளிலும் மெல்ல இடம் பிடித்தது. அப்படி வாங்கப்பட்ட வண்டிகள் இன்று முதுமை எய்தியிருக்கின்றன. முதுமைக்குரிய முனகல்களும் ஆரம்பமாகிவிட்டன.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றொன்றும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டு விசிறிகளையும் ஒரே கூண்டில் அடைத்து, எண்ணெயின் போக்கைத் திருப்பிவிட நடுவே மற்றொரு சக்கரத்தையும் அமைத்துவிட்டால் அதுதான் 'டார்க் கன்வர்ட்டர்'. கப்பல்களுக்காக இந்த முறையை 1905-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் இஞ்சினீயர். கியரில் இருக்கும்போதே வண்டியை நிறுத்தினாலும் என்ஜின் அணைந்துவிடாமல் இருப்பது இதன் உபகாரம்.

அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள சக்கரத்துக்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி வரும் சிறு சக்கரங்களுக்குக் கிரகங்கள் என்று பெயர். எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு வெளியே ஒரு வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வண்டியின் கியர் மாறுகிறது. பிடிக்கும் வேலையைச் செய்பவை மெல்லிய கிளட்ச் தட்டுகள். அந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். "கிரகசாரம் சரியில்லை" என்று ஜோசியர் சொன்னால் நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். பழைய தானியங்கி வண்டியின் விஷயத்தில் அது அக்ஷரசத்தியம். இரண்டு இடத்திலும் பரிகாரம் எண்ணெயில்தான் ஆரம்பமாகிறது என்பது ஒரு வேடிக்கை!

சக்தியைக் கொண்டுசெல்வது எண்ணெய். தட்டுகளை அழுத்துவது எண்ணெய். உராய்வைத் தணிப்பது எண்ணெய். பிறக்கும் சூட்டைச் சுமந்து சென்று ரேடியேட்டர்ப் பக்கம் இறக்கிவிட்டு வருவதும் எண்ணெய்தான். சமையல், கணக்கு, காவல், தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே சிப்பந்தியை வைத்திருக்கும் வீட்டைப் போன்றது இந்தப் பெட்டி. அந்தச் சிப்பந்தி வழுக்கவும் வேண்டும், வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். இந்த முரணான குணத்தைப் பெறுவதற்காக 1970-களின் தொடக்கம் வரையில் அமெரிக்காவில் இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள். அழியும் அபாயத்திலுள்ள பிராணிகளின் பட்டியலில் அந்தத் திமிங்கிலம் சேர்க்கப்பட்ட பிறகே ரசாயனச் சரக்குகள் அதன் இடத்தைப் பிடித்தன. மோட்டார் வண்டி அதிராமல் கியர் மாறுவதற்கு ஆழ்கடல் பிராணி ஒன்று உயிர்விட வேண்டியிருந்தது என்றால், அந்த எண்ணெயின் கலவை எவ்வளவு நுட்பமானது என்று ஊகித்துக்கொள்ளலாம். கடைக்காரர் கைக்கு அகப்பட்ட டப்பாவை வாங்கி ஊற்றுவதற்கு அது சாதாரணச் சரக்கு அல்ல. வண்டியின் கைப்புத்தகத்தில் எந்த எண்ணெய் குறித்திருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

இதிலும் ஜாதி பல உண்டு. உலோகப் பட்டையால் இயங்கும் ஸி.வி.டி. பெட்டிக்குத் தனி எண்ணெய். 2014-ஆம் ஆண்டில் மாருதி செலேரியோவுடன் நம் நாட்டுக்கு வந்த ஏ.எம்.டி. என்பதோ, சாதாரணக் கியர்பெட்டியின் கிளட்சை மனிதருக்குப் பதிலாக யந்திரம் இயக்கும் ஏற்பாடு. (அம்பாஸடரின் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான்.) உங்கள் வண்டி எந்த ஜாதி என்று தெரிந்துகொள்வது முதல் பாடம். இங்கே நாம் சொல்வதெல்லாம் முக்கியமாக டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய வண்டிகளைப் பற்றியது.

நமது தெருவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடது முழங்காலில் சத்திர சிகிச்சை ஆனவர். கிளட்ச் மிதிக்க இயலாது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் மனைவியாரை டயாலிஸிஸுக்கு அழைத்துச் செல்வதும், பிற்பகல் அழைத்து வருவதும் அவருடைய பொறுப்பு. பதினான்கு வயதான தானியங்கி ஸெடான் ஒன்றுதான் அவருக்குத் துணை. சில மாதங்களுக்கு முன்பு அது தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் பின்செல்லும் கியரில் போட்டால் மூன்று நான்கு விநாடி ஒன்றுமே நடக்காது. பிறகு தடாலென்று ஓர் இடி.

பெரிய பட்டறை ஒன்றில் வண்டியைச் சற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பெட்டியே போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்ட தொகை, வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். "விற்றுத் தள்ளுங்கள் அப்பா, வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகள் டெலிபோனில் யோசனை கூறினார்கள். யோசனை தவறல்ல. ஆனால் இருள் பிரியாத வேளையில், வாடகை வண்டிக்காரர் வருவாரா, கடைசி நிமிஷத்தில் வர முடியாது என்பாரா என்று நோயாளியுடன் வாசலில் நிற்கவேண்டியவர் அவரல்லவா?

பிறகு வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, பெட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எண்ணெயைப் பார்த்தார்களா?" என்பது. ஒருவரும் பார்க்கவில்லை. அளவு குறைந்திருந்தது, நிறம் காப்பிக் கஷாயம் போலிருந்தது, ரேடியேட்டருக்குச் செல்லும் குழாயின் மூட்டில் கசிவு. அடித்தட்டைக் கழற்றியபோது, அங்குள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது சாதாரணத் தேய்மானம். உலோகச் சில்லுகள் கிடந்திருந்தால் கதை வேறு. கசிவை அடைத்து, வடிகட்டியை மாற்றி, உரிய எண்ணெயை ஊற்றினார். ஒரு தடவை வடித்தால் பழைய எண்ணெயில் ஒரு பகுதிதான் இறங்கும். மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். ஆகையால் சில நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை மாற்றினார்.

இடி நின்றுவிட்டது. குளிர்ந்த காலைகளில் ஒரு விநாடித் தாமதம் மட்டும் இருக்கிறது. "உள்ளே ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். இப்போது அவசரமில்லை. ஆனால் வழுக்க ஆரம்பித்தால் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், ஐயா" என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினார். முழுக் குணமும் ஆகிவிட்டது என்று அவர் பொய் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காகவே அவருக்கு இன்னும் கொஞ்சம் கூலி கொடுக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

எல்லாப் பழைய வண்டியும் எண்ணெய் மாற்றினால் பிழைத்துக்கொள்ளும் என்று நாம் சொல்லவரவில்லை. அறிகுறிகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். கியர் விழத் தாமதமானால் முதல் சந்தேகம் எண்ணெயின் அளவு. சீரான வேகத்தில் போகும்போது மரப்பாலத்தின்மேல் ஓடுவதுபோல் வண்டி சிறிது நேரம் நடுங்கினால், டார்க் கன்வர்ட்டரைப் பூட்டும் கிளட்சின் தொல்லை. இதிலும் பல சமயம் புதிய எண்ணெய் குணம் தரும். வேகம் ஏறாமல் ஒரே கியரில் வண்டி நின்றுவிட்டால், வண்டியின் கம்ப்யூட்டர் ஆபத்தை உணர்ந்து வீடுவரை சேர்க்கச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். அதன் ஞாபகத்தில் பதிவான குறியீட்டைக் கருவி வைத்துப் படித்தால், சில சமயம் சின்னஞ்சிறு சோலினாய்டோ ஒயரோ குற்றவாளியாக அகப்படும். என்ஜின் உறுமுகிறது, வண்டி முன்னேறவில்லை என்றால் அது வழுக்கல். தட்டுகள் எரிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அதன்பின் ஓட்டும் ஒவ்வொரு மைலும் செலவைக் கூட்டும். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று அர்த்தம். தட்டுகளின் மேற்பூச்சை அது கரைத்துப் பெயர்த்துவிடும். வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டியதுதான்.

"எங்கள் வண்டிக்கு ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று விற்றவர்கள் சொன்னார்களே" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். யாருடைய ஆயுள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்! பல மோட்டார்க் கம்பெனிகளுக்குக் கியர்பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இஸட்.எஃப். கம்பெனியார், தங்கள் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், எண்ணெய் மாற்றும்படி கூறுகிறார்கள். பெட்டியைச் செய்தவர் சொல்லும் வார்த்தைக்குச் சற்று மதிப்புக் கொடுப்பது நல்லது.

பட்டறையில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே. எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்த்தீர்களா? கம்ப்யூட்டர் குறியீட்டைப் படித்தீர்களா? அடித்தட்டில் என்ன இருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பெட்டியை மாற்றச் சொல்பவர், நாடி பிடிக்காமல் ரண சிகிச்சைக்கு நாள் குறிக்கும் வைத்தியர். எண்ணெயின் அளவை நீங்களே பார்ப்பதானால் சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். என்ஜின் ஓட வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும்; கைப்புத்தகத்தைப் பாருங்கள். அளவுக்கம்பியே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றை வண்டிக்கு அடியிலிருந்துதான் சோதிக்க முடியும்.

இன்னும் ஒன்று. பாட்டரி தீர்ந்தால் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்பும் நம் ஊர் வழக்கம் இந்த வண்டிகளிடம் செல்லாது. எண்ணெயைச் செலுத்தும் பம்பை ஓட்டுவது என்ஜின். என்ஜின் ஓடாத வண்டியை எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாது. கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்தால் உள்ளே எண்ணெய் ஓடாமல் சக்கரங்கள் தேயும். ஓட்டும் சக்கரங்கள் தரையில் படாதபடி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே உத்தமம். அதுபோலவே, வண்டி அறவே நிற்பதற்கு முன் முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும் அவசரமும் ஆகாது.

உள்ளூரில் பெற்றோரும் வெளியூரில் பிள்ளைகளுமாக வாழும் குடும்பங்கள் பெருகிவரும் காலம் இது. பல வீடுகளில் அந்தப் பழைய வண்டி இருப்பதால்தான் வயதானவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய்வருகிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அப்பாவின் ரத்த அழுத்தத்தை விசாரிப்பதோடு, வண்டி நின்ற இடத்தில் தரையையும் குனிந்து பாருங்கள். அங்கே சிவப்பாக ஒரு துளி தெரிந்தால், ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.