கடல் படிக்கப் போன மகளும் வீட்டுத் தமிழும்

பெங்களூரில் கடல் இல்லை. அல்சூர் ஏரி உண்டு, சாங்கி ஏரி உண்டு, நுரை பொங்கியே பெயர் வாங்கிய பெல்லந்தூர் ஏரியும் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கோ மங்களூருக்கோதான் ரயிலேற வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு, "கடல் உயிரியல் படிக்கப் போகிறேன்" என்றாள். வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"மீன் பிடிக்க எதற்குப் பட்டம்?" என்று என் மைத்துனர் வாய்விட்டுக் கேட்டார். நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். தெருவுக்கு ஒரு பொறியியல் கல்லூரி இருக்கும் ஊரில் வேறு எப்படி யோசிக்கத் தோன்றும்?

அவள் சேர்ந்தது பரங்கிப்பேட்டையில். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷையா வளர்த்தெடுத்த நிலையம் அது. (1781இல் மைசூர் ஹைதர் அலி ஆங்கிலேயரிடம் தோற்றதும் இதே பரங்கிப்பேட்டையில்தான். நம் ஊருக்கும் அதற்கும் பழைய உறவு இருக்கிறது என்று மனைவியைத் தேற்றினேன். அவள் தேறவில்லை.) கழிமுகம், கடல், பக்கத்திலேயே பிச்சாவரத்து அலையாத்திக் காடு என மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால்தான் அங்கே நிலையம் வைத்தார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்துச் சேற்றில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். இது எனக்கு மகள் சொல்லித்தான் தெரியும்.

அது மீன் படிப்பு மட்டும் அல்ல என்பதும் பிறகுதான் புரிந்தது. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடிக்கடலின் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று மத்தி மீன் கொழுக்கிறது. வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், உப்புநீருக்கு மேல் இலேசான போர்வைபோல் கிடப்பதால் அடிநீர் எளிதில் மேலே வருவதில்லை. காற்று, உப்பு, பாசி, மீன், அதைப் பிடிக்கும் மனிதன் எல்லாம் சேர்ந்தே ஒரு பாடம். 2004 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குக்கிராமங்களைப் பார்த்துவிட்டு, அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று அந்த ஊர் ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். இல்லை, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே முக்கியக் காரணம் என்று 2006இல் வேறு சிலர் மறுத்தார்கள். கடலோரத்தில் எங்கே வீடு கட்டலாம் என்ற கேள்வியே இந்தச் சண்டையில் அடங்கியிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. குரலே சரியில்லை.

"அப்பா, வத்தம்னா என்ன?"

படகுக்கார அண்ணன் முதல் நாள், "வத்தத்துல வா பாப்பா, சேறு அள்ளலாம்" என்று சொல்லியிருக்கிறார். இவள் தலையாட்டிவிட்டு நீர் ஏறிய நேரத்தில் போய் நின்றிருக்கிறாள். சேற்றுத்திட்டு முழுவதும் தண்ணீருக்குள். அன்றைய வேலை போயிற்று. வற்றம்தான் வத்தம், நீர் வற்றும் நேரம் என்றேன். "இதை ஆங்கிலத்தில் நான்கு வருஷமாகப் படிக்கிறேனே அப்பா" என்றாள்.

தவறு அவளுடையது அல்ல. பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் பேசியது "சாப்பிட்டியா, தூங்கு" என்ற அளவுத் தமிழ். அது போதும் என்று முடிவு செய்தவன் நான். மதிப்பெண் கெடும் என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் ஏழாம் வகுப்போடு நிறுத்தினேன். அந்த வரவுசெலவு இப்போதுதான் கணக்குக்கு வந்திருக்கிறது.

கடலைப் படிப்பவர்களுக்குக் கருவிகள் இருக்கின்றன, செயற்கைக்கோள் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் படகுக்காரரைக் கேட்காமல் ஓர் அடி வைக்க முடியாது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. மீனவர்கள் அந்தப் பிராணியை ஆவுளியா என்பார்கள். அது எங்கே மேய்கிறது, எப்போது வலையில் சிக்குகிறது என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆவுளியா என்ற சொல் தெரியாதவர் அங்கே போய் என்ன கேட்பார்?

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன். கொச்சியிலும் கோவாவிலும் மத்திய அரசின் பெரிய ஆய்வு நிலையங்கள் உண்டு. கடலே இல்லாத ஹைதராபாத்தில் 1999 முதல் கடல் தகவல் மையம் இருக்கிறது. நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலேயே வங்கக் கடலையும் பருவமழையையும் ஆராய்கிறார்கள். ஆனால் நிரந்தர இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பலர் சில வருஷ ஒப்பந்தத் திட்டங்களில்தான் காலம் தள்ளுகிறார்கள். மென்பொருள் கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பெருமூச்சுதான் வரும். இதை மகளிடம் சொன்னேன். "தெரியும்பா" என்றாள். தெரிந்தே போகிறவளை நிறுத்த எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் போகிற இடத்துக்கு வேண்டிய மொழியைக் கொடுக்காமல் அனுப்பியதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம் சங்கத்தில் நாகப்பட்டினம், தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ் வகுப்புப் பிள்ளைகள் முன் அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் என்ன? பிள்ளைகள் எல்லோரும் கடல் படிக்கப் போவதில்லை. ஒருத்தி போனாலும் போவாள் அல்லவா?

நானும் தாமதமாகச் சேர்ந்த மாணவன்தான். ஞாயிறு காலை சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். மகளுக்கு லத்தீன் பெயர் தெரியும், எனக்குத் தமிழ்ப் பெயர் பாதி தெரியும், மங்களூர்ப் பெயர் கடைக்காரருக்குத் தெரியும். வஞ்சிரம் அங்கே அஞ்சல். கானாங்கெளுத்தி பங்குடே. போன வாரம் 'கானே' என்று ஒன்றைக் காட்டினார். படமெடுத்து அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது, தமிழில் தட்டச்சு செய்து, ஒரே ஓர் எழுத்துப்பிழையோடு: "கிளங்கான், அப்பா."